கரை விலைபோகும் விதம்

கடற்கரையில் ஒரு மூட்டையைப் பிடித்துவிட்டால் செய்தியாளர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ சார், எத்தனை கோடி?" என்பதைத்தான். சுங்கத் துறையின் தடுப்புப் பிரிவில், பெரும்பாலும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். மூட்டையில் இருந்த சரக்கைவிட அதன் பக்கத்தில் கிடந்தவைதான் என் தூக்கத்தைக் கெடுத்தன. யார் பெயரிலோ வாங்கிய சிம் கார்டு, ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்த ஒரு கடற்புள்ளி, ஒரு இரவுத் தொழிலுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக நிரப்பிய பெட்ரோல் கேன்கள். பிடிபட்ட சரக்கு எரியூட்டும் உலைக்குப் போய்விடும். அதைக் கொண்டுவந்த தடம் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் அதே தடத்தில் என்ன வரும் என்பது அதை விலைக்கு வாங்கியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் 'ஷெனாயா துவா' என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கியது. சுமார் 100 கிலோ ஹெராயின், 20 சிறு பெட்டிகளில் செயற்கைப் போதைப்பொருள், கூடவே ஐந்து 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள், ஒரு துரையா சாட்டிலைட் போன். நான்கு மாதம் கழித்து லட்சத்தீவுக் கடலில் 'ரவிஹன்சி' பிடிபட்டது. 300 கிலோ ஹெராயினோடு ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் 1,000 தோட்டாக்களும் இருந்தன. துப்பாக்கிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் மறைத்திருந்தார்கள். பவுடருக்குக் காவலாக வைத்த துப்பாக்கி என்றால் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கும். தொட்டிக்குள் போட்டு மூடியது, அதுவும் யாருக்கோ போய்ச் சேர வேண்டிய சரக்கு என்பதால்தான் என்பது என் கணிப்பு. வழக்கை என்.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது. விடுதலைப் புலிகளின் உளவுப் பிரிவில் இருந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரை 2021 அக்டோபரில் சென்னையில் கைது செய்தது. போதைப்பொருள் லாபத்தைக் கொண்டு அந்த இயக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள் என்பது என்.ஐ.ஏ.யின் குற்றச்சாட்டு. அதை நிரூபிப்பது நீதிமன்றத்தின் முன் நடக்க வேண்டிய வேலை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் படகு சொன்ன செய்தி வேறு: பவுடர் வரும் வழியில் துப்பாக்கி வருவதற்குத் தனியாக ஒரு ஏற்பாடும் தேவையில்லை.

1993-லேயே நாடு இதைப் பார்த்துவிட்டது. மும்பையில் மார்ச் 12 அன்று தொடர் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டார்கள். அந்தக் குண்டுகளுக்கான ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து பிப்ரவரியில் ராய்கட் மாவட்டத்தின் ஷேகாடிக் கரையில் இறங்கியது. அந்தக் கரைக்கு வெள்ளியும் தங்கமும் வருவது பழைய சங்கதி. படகு, இறக்குகூலி ஆட்கள், லாரி, வழியில் கைநீட்டும் காவலர், கண்டுகொள்ளாத அதிகாரி என எல்லாம் ஆண்டுக்கணக்கில் பழகி வைத்த ஏற்பாடு. குண்டு வைத்தவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இருந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுங்க அதிகாரிகளும் காவலர்களும் பின்னால் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். வெள்ளிக்கட்டி என்று நினைத்து விட்டுவிட்டோம் என்பதே அவர்கள் பக்கத்து வாதம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் துறைச் சட்டையைப் போட்டவன் ஒருவன் லஞ்சத்துக்கு ஒதுங்கி நின்றதால் 257 வீடுகளில் பிணம் விழுந்தது என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தமிழ்நாட்டின் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவே மணல் திட்டுகள். எங்கள் பக்கம் பாக் நீரிணையை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அது தலைகீழ். கடத்துபவனும் காற்றைப் பார்த்தே கரையை மாற்றுவான். ஆகவே நாங்களும் நாட்காட்டியைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பார்த்து ரோந்தை மாற்றிக்கொள்ளக் கற்றோம்.

இங்கிருந்து அதிகம் போவது கஞ்சா. விளைவது ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில். பாடேரு, சிந்தப்பள்ளி, மல்கான்கிரி போன்ற பகுதிகள், அரசாங்கத்தின் கால் ஊன்றாமலும் மாவோயிஸ்டுகளின் நிழல் விழுந்தும் நெடுங்காலம் கிடந்த இடங்கள். அங்கே அதை அழுத்தி இரண்டு கிலோப் பொட்டலமாக்கி, பழுப்பு டேப்பால் இறுக்கச் சுற்றி அனுப்புகிறார்கள். லாரியிலும் ரயிலிலும் காரிலும் மதுரை, தேனிப் பக்கம் வந்து, அங்கிருந்து கரைக்கு இறங்குகிறது. இலங்கைச் செய்தித்தாள்களில் இதற்குக் 'கேரள கஞ்சா' என்று பெயர். திரும்பி வரும் படகில் தங்கக் கட்டி. ரோந்துப் படகு வருவது தெரிந்தால் மூட்டையில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். ஜி.பி.எஸ்.ஸில் இடம் பதிவாகி இருக்கும்; நான்கு நாள் கழித்து வந்து முக்குளித்து எடுத்துக்கொள்வார்கள்.

இதில் ஆள் சேர்ப்பதுதான் நுணுக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த 61 நாளில்தான் ஊருக்குள் புதுமுகங்கள் வந்து போவார்கள். கல்யாணக் கடன் இருக்கிறதா, இஞ்சின் பழுதா, தம்பி சும்மா இருக்கிறானா என்று விசாரிப்பார்கள். முதல் வேலை எப்போதும் குற்றம் போலவே இருக்காது. முச்சந்தியில் பைக்கோடு நின்று ஜீப் வந்தால் போன் செய், அவ்வளவுதான். அடுத்தது, நூறு லிட்டர் பெட்ரோல் வாங்கி வீட்டில் வை. அதற்கப்புறம்தான் படகு. இப்படி ஒரு கிராமத்தில் பத்துப் பேர் காசு வாங்கிவிட்டால் மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்த பேர் வந்துவிடும் என்ற பயம். அந்தக் கிராமத்தின் கரை அன்றிலிருந்து வேறொருவனுடையது.

கடலுக்குப் போய் வந்த படகைப் பார்த்ததும் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தொழிலுக்குப் போன படகில் ஐஸ் பெட்டி நனைந்திருக்கும், வலையில் பாசியும் செதிலும் ஒட்டியிருக்கும், சோற்றுத் தூக்கு இருக்கும். வலை மடித்த மடிப்புக் கலையாமல், ஐஸே ஏற்றாமல், கேன் மட்டும் காலியாகி வந்தால் நின்று பேச வேண்டிய படகு அது.

அப்படி ஒரு ஃபைபர் படகை மண்டபத்துக்குத் தெற்கே ஒரு பின்னிரவில் நிறுத்தினோம். அடித்தட்டுக்குக் கீழே பாலித்தீன் சுற்றிய பொட்டலங்கள், மாநிறப் பவுடர். ஜீப்பின் மறைவில் தார்ப்பாயை விரித்து, காற்று படாமல் மின்னணுத் தராசை வைத்தோம். ஒரு சிட்டிகை எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டு மார்க்விஸ் கரைசலை இரண்டு சொட்டு விட்டால் போதும். டார்ச் வெளிச்சத்தில் மாநிறம் ஊதாவாகத் திரிவது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். அதன்பின் விடியும்வரை எழுத்து வேலைதான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண், எடை, அப்போதிருந்த முறைப்படி ஐந்து கிராம் வீதம் இரண்டிரண்டு மாதிரி. அரக்கு உருக்க ஏற்றிய மெழுகுவத்தி கடல்காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. ஒரு காவலர் தன் தொப்பியால் மறைத்துப் பிடித்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கரையில் இருந்தவர்கள் எல்லாம் நழுவிவிட, டீக்கடை திறக்க வந்த பெரியவரும் ஒரு லாரி டிரைவரும் மகஜரில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டால் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று தெரிந்தே போட்டார்கள். அந்த இருவரையும் நான் மதிக்கிறேன்.

படகில் இருந்தவனுக்கு இருபது வயதுக்குப் பக்கம். நனைந்த கைலியோடு நடுங்கிக்கொண்டிருந்தான். துண்டும் டீயும் கொடுத்தோம். "மருந்துன்னு சொன்னாங்கய்யா. ஒரு மாசப் பாட்டுக்கு மேல காசு, ஒரு ராத்திரிக்கு" என்றான். யார் சொன்னது என்றால் போனில் வந்த ஒரு குரல். பெயர் 'அண்ணாச்சி', அதற்கு மேல் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "ஐயா, பேப்பர்ல எம்பேரு வருமா? தங்கச்சிக்கு மாப்ள பாத்திருக்காங்க" என்று கேட்டான். ஹெராயினில் 250 கிராம் தாண்டினாலே வணிக அளவு. பத்திலிருந்து இருபது ஆண்டு வரை தண்டனை. 37-ஆவது பிரிவின்படி ஜாமீனும் எளிதில் கிடைக்காது. அவன் தங்கை கல்யாணத்துக்கு அவன் வந்திருக்க முடியாது. அந்தக் குரலுக்கு உரியவனை நாங்கள் எட்டவே இல்லை. அவனுக்கு ஒரு படகும் ஒரு பையனும் போனது வியாபார நஷ்டம், அவ்வளவே.

இந்த இடத்தில் சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 67-ஆவது பிரிவின் கீழ் நாங்கள் வாங்கும் வாக்குமூலத்தை வைத்தே நெடுங்காலம் வழக்குகள் நின்றன. 2004-ல் சென்னையில் பிடிபட்ட ஹெராயின் தொடர்பான தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தச் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரியும் காவல் அதிகாரிக்குச் சமம், அவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது மூவர் அமர்வில் இருவரின் தீர்ப்பு. வழக்கெல்லாம் படுத்துவிடும் என்று எங்களில் பலர் புலம்பினார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பிடிபட்ட பையனை உட்கார வைத்து எழுதி வாங்கிவிட்டால் போதும் என்ற பழக்கம்தான் 'அண்ணாச்சி'களைக் காப்பாற்றி வந்தது. பெட்ரோல் யார் கணக்கில் நிரப்பப்பட்டது, படகின் இஞ்சினுக்கு யார் பணம் கட்டினார்கள், சிம் கார்டு எந்தக் கடையில் வாங்கியது, பையனின் அம்மா கணக்கில் பணம் போட்டது யார் என்று பின்னால் போக வேண்டிய கட்டாயம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதே சட்டத்தின் ஐந்து-ஏ அத்தியாயத்தில் கடத்தல் பணத்தில் வாங்கிய சொத்தை முடக்கவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் இருக்கிறது. உறவினர் பெயரில் இருக்கும் சொத்தையும் அது தொடும். என் அனுபவத்தில் மிகக் குறைவாகப் பயன்பட்ட அத்தியாயமும் அதுதான். ஒரு விசாரணை அதிகாரிக்கு மூட்டை பிடித்தால் மறுநாளே பாராட்டு. சொத்து முடக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் காகிதம் புரட்ட வேண்டும். அதற்குள் இடமாற்றம் வந்துவிடும்.

பணத்தை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் துரத்தும் நாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துத் தீவைப் பார்த்தாலே போதும். இலங்கையில் 2020-ல் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் காவலர்களே, கைப்பற்றிய ஹெராயினை வெளியே விற்றதாகக் கைதானார்கள். அதே ஆண்டு அந்நாட்டின் தாதா அங்கொட லொக்கா போலி ஆதாரோடு வேறொரு பெயரில் கோயம்புத்தூரில் வாழ்ந்து இறந்துபோனார். உடலை மதுரையில் எரித்த பிறகுதான் அது யார் என்றே வெளியே தெரிந்தது. பிறகு சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. நாம் பாதுகாப்பாக நினைக்கும் தெருவில் நம்முடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவர் குடியிருந்திருக்கிறார். 2025 பிப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் 'கணேமுல்ல சஞ்சீவ' என்ற பாதாள உலகத் தலைவன் கூண்டுப் பக்கமே சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவன் வழக்கறிஞர் உடையில் வந்தான். துப்பாக்கி, பக்கங்களைக் குடைந்த புத்தகத்துக்குள் உள்ளே போயிருந்தது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றக் கூண்டில் நின்று சாட்சி சொன்னவன் நான். மகஜரில் கையெழுத்துப் போட்ட அந்த டீக்கடைப் பெரியவரை நாளைக்கு இப்படி ஒரு கூண்டுக்கு அழைத்தால் அவர் வருவாரா? சாட்சி வரப் பயந்தால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் எந்தப் பிரிவுக்கும் உயிரில்லை.

துறைமுகங்களின் கதை இன்னும் பெரியது, என் நேரடி அனுபவம் அதில் குறைவு. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், ஆப்கானிஸ்தானிலிருந்து பந்தர் அப்பாஸ் வழியாக டால்க் கல் என்ற பெயரில் வந்த கன்டெய்னர்களில் 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. இறக்குமதி செய்தது விஜயவாடா முகவரியில் பதிவான ஒரு நிறுவனம். கைதான தம்பதி சென்னையில் இருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மரத்தடிக் கன்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கோகெய்ன். ஃபைபர் படகில் பையன் கொண்டுவரும் எடை இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அங்கே விலைபோவது ஒரு முகவரியும் ஒரு இறக்குமதி உரிமமும்.

இப்போது சரக்கே மாறுகிறது. 2022 ஏப்ரலில் தாலிபான்கள் கசகசாப் பயிரைத் தடை செய்தபின் ஆப்கானிஸ்தானில் அதன் பரப்பு அடுத்த ஆண்டே 95 சதவீதம் குறைந்ததாக ஐ.நா. கணக்கு. அபின் உற்பத்தியில் மியான்மர் முதலிடத்துக்கு வந்தது. அங்கே 2021 ராணுவப் புரட்சிக்குப்பின் உள்நாட்டுப் போர். ஷான் மாநிலத்துக் காடுகளில் மெத்தம்பெட்டமைன் ஆலைகள். போரிடும் கூட்டங்களுக்கு அதுவே சம்பளமும் தோட்டாவும். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரே ஒரு மியான்மர் மீன்பிடிப் படகில் சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைனைக் கடலோரக் காவல்படை பிடித்தது. கஞ்சாவில் வணிக அளவு 20 கிலோ. மூட்டை கட்டித் தூக்க வேண்டும். மெத்தம்பெட்டமைனில் 50 கிராம். சட்டைப் பைக்குள் அடங்கும். விளைநிலமும் வேண்டாம், பருவமும் வேண்டாம். கச்சானையும் வாடையையும் பார்த்துக் கரை காத்த எங்கள் பழைய முறை இதற்குப் போதாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2022 மே மாதம் லட்சத்தீவு அருகே 218 கிலோ ஹெராயினோடு இரண்டு தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகள் பிடிபட்டன. அதே ஆண்டு டிசம்பரில் திருச்சி சிறப்பு முகாமிலிருந்த ஒன்பது இலங்கையரை என்.ஐ.ஏ. கைது செய்தது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் மீனவர் அனைவரையும், முகாமில் இருக்கும் ஈழத் தமிழர் அனைவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பேச்சு ஊரில் எழுகிறது. சோதனை என்ற பேரில் படகில் ஏறி வலையை மிதிப்பதும், வயதானவரை "ஏய்" என்று கூப்பிடுவதும் நடக்கிறது. அறத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பாதுகாப்புக் கணக்கிலேயே இது பெரிய நஷ்டம். ராடாரும் ரோந்துக் கப்பலும் நல்லவைதான். ஆனால் நான் பார்த்த நல்ல பிடிப்புகளில் பெரும்பாலானவை ஒரு மீனவர் செய்த போன் அழைப்பில் தொடங்கியவை. கடலில் எந்தப் படகு யாருடையது, எது அந்நியம் என்று வெளிச்சத்தின் ஆட்டத்தை வைத்தே அவர்களால் சொல்ல முடியும். அவர்கள் நம்மிடம் பேசுவதை நிறுத்திய அன்றைக்குக் கடத்துபவனுக்கு வழி திறந்தாயிற்று.

எனக்குத் தகவல் தந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். பாய்மர வல்லத்தில் தொழில் கற்றவர். அவர் சொன்ன வார்த்தையில் பிடித்த ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்: தகவல் கொடுத்தது யார், எந்த ஊர், என்ன உறவு. கட்சிக்காரருக்காக அவர் கேட்கவில்லை, வெளியே காத்திருப்பவர்களுக்காகக் கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆவது பிரிவு, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. "அந்தப் பிரிவின்படி நான் பதில் சொல்ல மறுக்கிறேன் ஐயா" என்றேன். நீதிபதி அப்படியே பதிவு செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

எங்கள் கோப்புகளில் தகவலாளியின் பெயர் எங்கும் இருக்காது. முத்திரையிட்ட உறைக்குள் இடது பெருவிரல் ரேகை மட்டும் இருக்கும். வெகுமதிக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிய வருடங்கள் ஆவதுண்டு. அதற்குள் வெறுத்துப்போய் ஒதுங்கிய தகவலாளிகளை எனக்குத் தெரியும். பெரியவரின் கோப்பை நான் விடாமல் பின்தொடர்ந்தேன். பேத்தியின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்டும் தேதிக்கு முன்பே பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுக்க முடிந்தது. அடுத்த வாடைக் காலத்திலும் அவர் எனக்குப் போன் செய்தார்.